லேவுக்குப் போஸ்டிங், பையில் வேப்: என்ன செய்வது?

கேள்வி: ஐயா, நான் ராணுவத்தில் நாயக். வயது 28, ஊர் வேலூர்ப் பக்கம். ஒரு கோர்ஸுக்காக இப்போது பெங்களூரில் இருக்கிறேன். ஆறு ஆண்டுகள் நாளொன்றுக்கு எட்டு, பத்து சிகரெட் பிடித்துவந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் வேப்பை, அதாவது இ-சிகரெட்டை, பழக்கிவிட்டார். அதன்பின் சிகரெட்டைத் தொடவில்லை. ஓடும்போது மூச்சு வாங்குவதும் குறைந்திருக்கிறது. ஆனால் காலையில் கண் விழித்ததும் கை தலையணைக்கு அடியில் போகிறது. இரவு டியூட்டியில் கழிப்பறைக்குப் போய் இழுத்துவிட்டு வருகிறேன். எனக்கு வாங்கும்போது கூடப் படிக்கும் மூன்று பேருக்கும் சேர்த்து வாங்கி, அசல் விலைக்கே கொடுத்துவிடுகிறேன். அடுத்த மாதம் ஆண்டு மருத்துவப் பரிசோதனை; பத்து வாரத்தில் லடாக்கில் உள்ள லேவுக்குப் போஸ்டிங். சிகரெட்டைவிட வேப் நல்லதுதானே? பரிசோதனையில் தெரிந்துவிடுமா? மேலே கொண்டுபோகலாமா? டாக்டரிடம் சொன்னால் மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறங்கிவிடுமா? மனைவிக்குத் தெரியாது, மாம்பழ வாசனை வருகிறதே, என்ன சென்ட் என்று கேட்கிறாள்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முன்பின் அறியாதவரைத் தம்பி என்று அழைக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. ராணுவ மருத்துவப் பிரிவில் 14 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது பெங்களூர் அல்சூரில் நெஞ்சக நோய் மருத்துவராக இருக்கிறேன். ஏரிக்கரையை ஒட்டியுள்ள, ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையத்தில் படைவீரர்களைத் ‘தம்பி’ என்றே அழைப்பது பழைய வழக்கம். என்னிடம் வருகிறவர்களில் பலர் அப்படி அழைக்கப்பட்டு ஓய்வுபெற்றவர்கள். உங்கள் பிரிவின் பெயரை எழுதாமல் விட்டது நல்லதாயிற்று. உங்களை அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களை நானும் நீக்கியிருக்கிறேன்.

கடிதத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்த ஒரு செய்தியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்ற மூவருக்கும் வாங்கித் தருகிறேன் என்கிறீர்கள். கர்நாடகம் 2016-இலேயே இ-சிகரெட்டைத் தடை செய்துவிட்டது. நாடு முழுவதற்குமாக 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் வந்து, அந்த ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. அந்தச் சட்டப்படி விற்பதும் விநியோகிப்பதும் முதல் முறை என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். லாபம் வைக்கவில்லை என்பது அங்கே எடுபடாது, ஏனென்றால் இலவச மாதிரி கொடுப்பதைக்கூட அந்தச் சட்டம் விநியோகம் என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இருப்பு வைப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தனியாக இருக்கிறது. இழுப்பவருக்கென்று தனித் தண்டனை எதுவும் சட்டத்தில் எழுதப்படவில்லை என்று உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் எந்த வடிவில், எந்த அளவில் வைத்திருந்தாலும் அது சட்டமீறல்தான் என்று 2023-இல் மத்திய சுகாதார அமைச்சகம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

சீருடைக்குள் இருப்பவருக்கு இதற்கு மேலும் ஒரு படி உண்டு. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 42-ஆம் பிரிவு பொது ஆணையையும் உள்ளூர் ஆணையையும் மீறுவதைப் பற்றியது. 63-ஆம் பிரிவு ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் ஊறு விளைவிக்கும் எந்தச் செயலையும் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடிய அகலமான பிரிவு. கமாண்டிங் ஆபீசரே 28 நாள் வரை காவலில் வைக்கலாம். பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும் தண்டனைக் குறிப்பான ரெட் இங்க் என்ட்ரி ஒன்று விழுந்தால் பதவி உயர்வின்போது அது எப்படித் தலையெடுக்கும் என்பதை நாயக் ஒருவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாளை அந்த மூவரில் ஒருவர் பிடிபட்டு, யாரிடம் வாங்கினாய் என்று கேட்டால், உங்கள் பெயர்தான் முதலில் வரும். ஆகவே மற்ற எதையும் முடிவு செய்வதற்கு முன், வாங்கிக் கொடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இனி, சிகரெட்டைவிட வேப் நல்லதா என்ற கேள்வி. வாட்ஸ்அப்பில் வருவதைப்போல நான் உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. சிகரெட்டில் புகையிலை எரிகிறது. எரிவதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. வேப்பில் எரிதல் இல்லை. புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்த திரவம் சூடான கம்பிச்சுருளில் ஆவியாகிறது. கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள் என்பதால், அது நின்றபின் ஓட்டத்தில் மூச்சு வாங்குவது குறைந்ததாக நீங்கள் சொல்வது கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை, சிகரெட்டை விட விரும்புகிறவர்களுக்கு வேப்பை ஒரு வழியாகச் சொல்கிறது. நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை ஆகியவற்றைவிட வேப்பால் சிகரெட்டை விடுகிறவர்கள் சற்றுக் கூடுதல் என்று, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பும் சொல்கிறது. இதை மறைத்துவிட்டு உங்களோடு பேசினால், நீங்கள் அடுத்த வரியை நம்பமாட்டீர்கள்.

ஆனால் பிரிட்டனில் கடையில் விற்கும் திரவத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக்கூடாது என்று வரம்பு உண்டு. பெங்களூரில் உங்கள் கைக்கு வருவது கடத்தல் சரக்கு. அட்டையில் ஐந்து சதவீதம் என்று போட்டிருந்தால் அது 50 மில்லிகிராம். அந்த எண்ணும் உண்மையா என்று சோதிப்பார் யாருமில்லை. அமெரிக்காவில் 2019-இல் தொடங்கி 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் வேப் சார்ந்த நுரையீரல் பாதிப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ போனதாகப் பதிவாயிற்று. இறந்தவர்கள் 68 பேர். அதற்கு முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது நிகோடின் அல்ல. கஞ்சாச் சாரத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத திரவத்தை நெஞ்சுக்குள் இழுப்பதில் உள்ள அபாயத்துக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம்விட உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தலையணை பற்றிய வரிதான். சிகரெட் பிடித்த காலத்தில் உங்களுக்கு எட்டோ பத்தோ என்று ஒரு கணக்கு இருந்தது. ஒன்றைப் பற்றவைக்க வெளியே போக வேண்டும், ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், அது அணைந்ததும் உள்ளே வர வேண்டும். வேப்பில் அணைவது என்பதே இல்லை. இரண்டு இழுப்பு இழுத்துப் பையில் போட்டால் அது காத்திருக்கும். இன்று நீங்கள் ஒரு நாளில் எத்தனை முறை இழுக்கிறீர்கள் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். போதாததற்கு, ஒளித்துப் பிடிப்பது பழக்கத்தை இறுக்குகிறது: வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் இழுத்துக்கொள், அடுத்தது எப்போதோ என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. நிகோடினின் அளவு இரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். உங்கள் சென்ட்ரி டியூட்டியும் இரண்டு மணி நேரம். டியூட்டியின் கடைசி அரைமணியில் இருட்டைப் பார்க்க வேண்டிய கண், கழிப்பறைக்குப் போக எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தால், அதை வெறும் உடல்நலப் பிரச்சினை என்று சொல்லிவிட முடியாது.

மேலே கொண்டுபோகலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. லடாக்கில் சில காலம் மருத்துவ அதிகாரியாக இருந்தவன் என்ற முறையில், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் 3,000 அடி. கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் லேவில் கிடைக்கும். அதனால்தான் முதல் கட்டத்துக்கு ஆறு நாட்கள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாட்கள், 15,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாட்கள் என்று உடலைப் பழக்கும் முறையை ராணுவம் வகுத்து வைத்திருக்கிறது. அந்த முதல் வாரத்தில் மருத்துவர் உங்களிடம் தேடுவது தலைவலி, தூக்கமின்மை, பசியின்மை, எரிச்சல், களைப்பு ஆகியவற்றைத்தான். இப்போது நிகோடினைத் திடீரென நிறுத்தியவருக்கு முதல் வாரத்தில் என்னென்ன வரும் என்று பாருங்கள்: தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல், கவனம் சிதறுதல். சாதனம் தீர்ந்துபோயோ சோதனையில் பறிபோயோ நீங்கள் லேவில் முதல் நாளே நிகோடின் இல்லாமல் நின்றால், உங்கள் தலைவலி உயரத்தால் வந்ததா, நிகோடின் இல்லாததால் வந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, வேப் பிடித்ததைச் சொல்லாதவரை மருத்துவருக்கும் தெரியாது. ஒன்று, நலமாக இருப்பவரைக் கீழே அனுப்பும் நிலை வரும். மற்றது, உயர நோய் முற்றுகிறவரை இது பழக்கத்தின் தொல்லைதான் என்று விட்டுவிடும் நிலை வரும். இரண்டாவதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

சாதனம் கையில் இருந்தாலோ நிலைமை இன்னும் மோசம். உயரத்தில் நுரையீரலில் நீர் கோக்கும் நோய் வறட்டு இருமலில் தொடங்குவது உண்டு. அதோடு வழக்கமாக ஏறும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், உடன் நடப்பவரைவிடப் பின்தங்குவோம். வேப் பிடிப்பவருக்கு இருமலும் தொண்டை வறட்சியும் புதிதல்ல. ‘இது நம்ம வழக்கமான இருமல்தான்’ என்று அவர் படுத்துவிடுவார். இந்த நோயில் ஓர் இரவு என்பது மிக நீண்ட நேரம். நேரத்தோடு சொல்லிக் கீழே இறக்கப்பட்டவர் பிழைத்துக்கொள்வார். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்தது விரல்கள். நிகோடின் தோலுக்கும் விரல் நுனிக்கும் போகும் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கும். குளிரும் அதையேதான் செய்யும். உறைகுளிரில் சதை கெட்டுப்போகும் ‘பனிக்கடி’யால் விரல் போவதற்கான ஏதுக்களில் புகைபிடித்தல் நீண்ட காலமாகவே சொல்லப்பட்டுவருவது இதனால்தான். புகை இல்லை, ஆவிதான் என்ற சமாதானம் இந்த இடத்தில் உதவாது, ஏனென்றால் குழாயைச் சுருக்குவது நிகோடின். அது இரண்டிலும் ஒன்றுதான்.

மின்கலத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அதில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. தரமற்றது நசுங்கினாலோ குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்; அது கால்சட்டைப் பையில் இருப்பதால் தீக்காயம் பெரும்பாலும் தொடையில்தான். பேட்டரி விபத்துகள் தொடர்ந்ததால் அமெரிக்கக் கடற்படை 2017 மே மாதத்தில் தன் கப்பல்களிலும் விமானங்களிலும் இதற்குத் தடை போட்டது. வெடிபொருள் கிடங்கின் வாசலில் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொள்கிற காவலர் முன்னால், பையில் சூடேறும் கம்பிச்சுருளோடு நிற்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள். இழுக்கும்போது நுனியில் எரியும் சிறு விளக்கு இருட்டில் எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பதை உங்கள் சுபேதார் சாப் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

பரிசோதனையில் தெரிந்துவிடுமா? நிகோடின் உடலுக்குள் கோட்டினின் என்ற பொருளாக மாறிச் சில நாட்கள் தங்கும், தேடினால் கிடைக்கும். தேடுவார்களா, மாட்டார்களா என்று பந்தயம் கட்டுவதற்கு நான் உதவ முடியாது. ஆனால் வேறொன்றைச் சொல்கிறேன். பரிசோதனை நாளன்று பதற்றத்தில் நான்கு இழுப்பு இழுத்துவிட்டு வந்து உட்காருகிறவருக்கு நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறியிருக்கும். இளைஞர் ஒருவரின் அழுத்தம் அதிகமாகப் பதிவாகி, மறுபடி மறுபடி அளக்கச் சொல்லி, மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பி, கடைசியில் எதற்காக இவ்வளவு அலைச்சல் என்று விசாரித்தால் காலைச் சிகரெட்டில் வந்து நின்ற கதைகளை நான் பார்த்திருக்கிறேன். கேட்டகரி இறங்கிவிடுமே என்று மறைக்கிற செயலே அதை ஆட்டம்காண வைக்கும். மாறாக, நிகோடின் பழக்கத்தை விட விரும்புகிறேன் என்று தானே வந்து சொன்னார் என்பதற்காக ஒருவரின் கேட்டகரியை இறக்கியதை என் பணிக்காலத்தில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அதற்காக, படைப்பிரிவு மருத்துவர் என்பவர் தனியார் மருத்துவரைப்போல முழு இரகசியம் காக்கக்கூடியவர் என்றும் சொல்லமாட்டேன். அவருக்குப் பிரிவின் நலனும் பொறுப்பு. எனவே வரிசை முக்கியம். முதலில் சாதனத்தை ஒழியுங்கள். குப்பைத்தொட்டியிலோ நெருப்பிலோ போட வேண்டாம், பேட்டரி வெடிக்கும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். நண்பருக்குக் கொடுத்துவிடுவது தீர்வல்ல. பிறகு எம்.ஐ. ரூமுக்கு, அதாவது படைப்பிரிவின் மருத்துவ அறைக்குப் போய், பழக்கத்தை விட மருந்து வேண்டும் என்று கேளுங்கள். எதைப் பிடித்தீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

பத்து வாரம் என்பது உங்களுக்கு வாய்த்த நல்ல அவகாசம். வருகிற வெள்ளிக்கிழமை மாலையை நிறுத்தும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் உச்சம், அதில் ஒன்றாவது வகுப்பில்லாத ஞாயிறாக இருக்கட்டும். மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலான தொல்லை அடங்கிவிடும். கண் விழித்த அரைமணிக்குள் நிகோடின் தேவைப்படுகிறவருக்கு வழக்கமாக 4 மில்லிகிராம் சூயிங்கம் கொடுப்போம்; அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். இரண்டு மில்லிகிராம் சீட்டில்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும். இதைச் சாதாரண சூயிங்கம் போல மெல்லக்கூடாது: மெதுவாகச் சில முறை கடித்து, நாக்கில் சுரீர் என்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும், சுரீர் அடங்கியதும் மறுபடி கடிக்கலாம். மெல்வதற்குக் கால்மணி நேரம் முன்னும் மெல்லும்போதும் டீயோ காபியோ குடித்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. டீ பிரேக்கில் வாயில் போட்டுக்கொண்டு, இது வேலை செய்யவில்லை டாக்டர் என்று வருகிறவர்களே அதிகம். முதலில் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிப் படிப்படியாக இடைவெளியைக் கூட்ட வேண்டும். முழுமையான முறை 12 வாரம். உங்களுக்கு எட்டாவது வாரத்தோடு முடியும்படி உங்கள் மருத்துவர் சுருக்கித் தருவார். கடைசி இரண்டு வாரம் எந்த நிகோடினும் இல்லாமல் கழிந்தால், லேவில் வரும் தலைவலி உயரத்தின் தலைவலியாக மட்டும் இருக்கும். மாத்திரைகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றில் சில தூக்கத்தையும் மனநிலையையும் பாதிக்கக்கூடியவை, ஆயுதம் கையாளுகிறவர் தானாக வாங்கி விழுங்கக்கூடாது.

கை சும்மா இருக்காது. பையில் நாலு கிராம்போ ஏலக்காயோ வைத்துக்கொள்ளுங்கள். பாரக்கில் யாராவது சுண்ணாம்போடு தேய்த்து நீட்டும் கைனிப் புகையிலையை மட்டும் வாங்கிவிடாதீர்கள்; அது நிகோடின் மட்டுமல்ல, வாய்ப்புற்றுக்கும் நேர்வழி. நேரில் பேச ஆள் வேண்டுமென்றால் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் போதைப்பழக்க மருத்துவ மையம் இருக்கிறது. புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356.

மனைவியிடம் சொல்வதை அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே செய்துவிடுங்கள். காரணம் நடைமுறை சார்ந்தது: அடுத்த பத்து நாள் போனில் உங்கள் குரலில் எரிச்சல் இருக்கும், எதற்கென்று தெரியாமல் அவர் வேறு எதையாவது நினைத்துக் கவலைப்படுவார். மாம்பழ சென்ட்டுக்கும் அப்போதே பதில் சொல்லிவிடலாம்.

இடையில் ஒருநாள் தவறி இழுத்துவிட்டால், எத்தனை நாள் விட்டிருந்தீர்கள், எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது என்று குறித்து எம்.ஐ. ரூமில் காட்டுங்கள், சூயிங்கத்தின் அளவை மாற்ற அது உதவும். எட்டாவது வாரத்திலும் சூயிங்கம் இல்லாமல் முடியவில்லை என்றால், அதை மறைத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். லேவில் முதல் நாள் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம், எத்தனை மில்லிகிராம், நாளைக்கு எத்தனை என்று எழுதிய சீட்டை நீட்டுங்கள்.